அறுபத்திரண்டாம் பிள்ளை

செவ்வாய்க்கிழமை காலையில் பையைத் திறந்து பார்த்தபோது ஆறு பெனியன்களில் ஒன்றில்கூட நாற்பத்தொன்று இல்லை. முந்தின நாள் மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து, கண் பூத்துப்போகும்வரை றோசமலர் தைத்த எண் அது. சிவப்பு நூல், சங்கிலித் தையல், கழுத்தின் உட்பக்கம். இப்போது அந்த இடத்தில் ஊசி போய்வந்த துளைகள் மட்டும் இருந்தன. பிரித்த நூலில் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி றோசமலர். மற்றவள் அவள் பராமரித்துவந்த இத்தாலியக் கிழவி, சிஞ்ஞோரா என்று மரியாதையாக அழைக்கும் நின்ஃபா. எழுபத்தொன்பது வயது. மூன்று கிழமைக்கு முன்னர் குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவள். தண்ணீர்க் கோப்பையைத் தூக்கினாலே பாதித் தண்ணீர் மடியில் கொட்டும். அந்தக் கை கத்தரிக்கோலைப் பிடித்து நூல் நூலாகப் பிரித்திருக்கும் என்று யார் நம்புவார்கள்? எலி என்று சொல்லி மனத்தைத் தேற்றவும் வழியில்லை. துணியை விட்டுவிட்டு நூலை மட்டும் தின்னும் எலி பலெர்மோ நகரில் இன்னும் பிறக்கவில்லை.

றோசமலர் மறுபடி தைக்க உட்கார்ந்தாள். அடுத்த திங்கட்கிழமை, நவம்பர் மூன்றாம் தேதி, அவளுடைய ஏழு வயது மகள் றம்யா மடத்து விடுதிக்குப் போக வேண்டும். மடம் தந்த பட்டியல் குசினி மேசையில் கிடந்தது. பெனியன் ஆறு, காலுறை ஆறு சோடி, மேலங்கி இரண்டு, படுக்கை விரிப்பு இரண்டு, துவாய் மூன்று. எல்லாவற்றிலும் பிள்ளையின் எண் இருக்க வேண்டும்.

அதில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அறுபது பிள்ளைகளின் உடுப்பை ஒன்றாகத் தோய்க்கும் இடத்தில் எண் இல்லாமல் எப்படி? சொல்லப்போனால் அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. மன்னாரில் கன்னியர் மட விடுதியில் அவளும் நாலு வருஷம் எண்ணோடு இருந்தவள்தான். பத்தொன்பது. சாப்பாட்டுத் தட்டிலும் பத்தொன்பது, தலையணை உறையிலும் பத்தொன்பது. மன்னாரின் கத்தோலிக்க ஊரான பேசாலையில் பிறந்த ஒருத்திக்குக் கன்னியாஸ்திரிகளிடம் பிள்ளையைக் கொடுப்பது மாதாவின் மடியில் கொடுப்பது போலத்தான். பலெர்மோவில் வீட்டு வேலைக்குப் போகும் எங்கள் பெண்கள் எத்தனையோ பேர் திங்கள் முதல் சனி வரை பிள்ளைகளை அப்படித்தான் விட்டார்கள். ஒரு பெட்டியை எங்கே வைப்பது என்று பத்துத் தடவை யோசிப்பவர்கள், மடம் என்றதும் பிள்ளைக்காக ஒரு தடவையும் யோசிக்க மாட்டார்கள்.

றோசமலருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. சிஞ்ஞோரா விழுந்த பிறகு, மிலானோவில் இருந்த அவளுடைய அண்ணன் மகன் தொலைபேசியில் சட்டம் போட்டான். இரவும் பகலும் அங்கேயே தங்க வேண்டும். முடியாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன். வேலை ஒப்பந்தம் போனால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிச் சீட்டும் போகும். டிசம்பரில் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் அதைப் புதுப்பிக்க வேண்டும். கணவன் ஏர்னஸ்ற்றுக்குக் கடற்கரையோர ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடை ஒன்றின் குசினியில் வேலை. காலையில் போனால் ஊர் அடங்கிய பிறகுதான் வருவான். அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு மேல்வீட்டு அற்புதமலர் ஒரு கிழமைக்கு மட்டும் பிள்ளையைப் பார்க்க ஒத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையைச் சிஞ்ஞோரா வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் மிலானோக்காரன் தடை போட்டிருந்தான். "என் அத்தைக்குப் பிள்ளைகளைக் கண்டால் பயம்." பகிடிக்குச் சொல்லவில்லை. ஜூலை மாதம் ஒரு நாள் றம்யாவைக் கூட்டி வந்தபோது றோசமலரே கண்ணால் கண்டாள். இரட்டைப் பின்னலோடு வாசலில் நின்ற பிள்ளையைப் பார்த்ததும் சிஞ்ஞோரா வீறிட்டாள். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "உள்ளே விடு, அவளை உள்ளே விடு" என்று கத்தினாள். பிள்ளை உள்ளே வந்ததும் இன்னும் கூடுதலாகக் கத்தினாள். றம்யா பயந்து போட்டிருந்த சட்டையோடு மூத்திரம் பெய்துவிட்டாள். அதன் பிறகு அவள் அந்தப் படி ஏறவில்லை.

சிஞ்ஞோராவின் வீடே ஒரு தினுசு. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால், மூன்றாம் மாடி. உள்ளே ஒரு கதவுக்கும் பூட்டு இல்லை. கழற்றி எடுத்த இடங்கள் ஓட்டையாகவே கிடந்தன. வாசல் கதவு மாத்திரம் சாத்தியிருக்கும், அதையும் ஒரு நாளில் பத்துத் தடவை திறந்து படிக்கட்டைப் பார்க்கச் சொல்வாள். "யாராவது தட்டினார்களா?" ஒருவரும் தட்டவில்லை என்றால் நம்ப மாட்டாள். கட்டடத்தில் அவளைக் கனடாக்காரி என்பார்கள். இளம் வயதில் தகப்பனோடு கனடாவுக்குப் போய், அங்கே கன்னியாஸ்திரியாகி, பிறகு அங்கியைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தவளாம். அந்த ஜூன் மாதம் தொலைக்காட்சிச் செய்தியில் கனடா அரசாங்கம் தன் பழங்குடி மக்களிடம், அவர்களுடைய பிள்ளைகளைப் பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்ததற்காக மன்னிப்புக் கேட்டது என்று சொன்னார்கள். சிஞ்ஞோரா தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. றோசமலர் வயிற்றுக்கோளாறு என்று நினைத்துச் சோற்றைக் கஞ்சியாகக் கரைத்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலையில் கள்ளன் கையும் களவுமாகப் பிடிபட்டான். றோசமலர் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது சிஞ்ஞோரா சக்கர நாற்காலியில் குசினி மேசையோடு ஒட்டியிருந்தாள். மடியில் றம்யாவின் மேலங்கி. கையில் நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல். விரலில் இரத்தம். பிரித்த சிவப்பு நூலை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

றோசமலர் கடைப் பையைக் கீழே போட்டாள். "துப்புங்கள்! என்ன செய்கிறீர்கள்?" என்று இத்தாலிய மொழியில் கத்தினாள்.

சிஞ்ஞோரா துப்பினாள். பிறகு மிகத் தெளிவாகக் கேட்டாள். "இது யாருடைய எண்?"

"என் மகளுடையது. திங்கட்கிழமை மடத்துக்குப் போகிறாள்."

"எண்ணைத் தைப்பது நான்தான்," என்றாள் சிஞ்ஞோரா. "தையல் அறை என்னுடையது. பதினொரு வருஷம் நான்தான் தைத்தேன். நீ தைக்காதே."

றோசமலர் விரலுக்கு மருந்து போட்டுக் கட்டினாள். கட்டி முடிந்த பிறகும் கிழவி அவள் கையை விடவில்லை. சொல்லத் தொடங்கினாள். அவள் சொன்னது இதுதான்.

கனடாவின் வடக்கே ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் விடுதிப் பள்ளி. சுற்றியிருந்த க்ரீ என்ற பழங்குடி மக்களின் பிள்ளைகளை இலையுதிர்காலத்தில் படகில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். வந்த அன்றே தலைமயிரை வெட்டுவார்கள். உடுப்பைக் கழற்றி எரிப்பார்கள். எண் தைத்த உடுப்பைக் கொடுப்பார்கள். தாய்மொழியில் ஒரு சொல் கதைத்தால் பிரம்பு. அண்ணனும் தங்கையும் ஒரே முற்றத்தின் இரண்டு பக்கத்தில் இருப்பார்கள், கதைக்கக் கூடாது. "எங்களுக்கு எண் வசதியாக இருந்தது," என்றாள் சிஞ்ஞோரா. "அவர்களுடைய பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. நுழைக்க நாங்கள் முயற்சி செய்யவும் இல்லை."

அறுபத்திரண்டு என்று ஒரு சிறுமி. ஏழு வயது இருக்கும். ஒரு நவம்பர் மாதம், மாலைச் சாப்பாட்டுக்கு எண்ணிப் பார்த்தபோது ஒரு தலை குறைந்தது. அடுத்த கட்டடத்தில் இருந்த அண்ணனைப் பார்க்க அவள் பனியில் ஓடியிருந்தாள். அது பிறகுதான் தெரிந்தது. தலைமைச் சகோதரி சொன்னாள்: எங்கேயாவது ஒளிந்திருப்பாள், பசித்தால் வருவாள், கதவைப் பூட்டு. பூட்டியது நின்ஃபா.

"தட்டிய சத்தம் கேட்டதா?" என்று றோசமலர் கேட்டாள். ஏன் கேட்டோம் என்று உடனே தன்னையே நொந்துகொண்டாள்.

"காற்று என்று நினைத்தேன்," என்றாள் சிஞ்ஞோரா. கொஞ்சம் பொறுத்து, "காற்று என்று நினைத்துக்கொண்டேன்," என்றாள்.

காலையில் கதவுப் படியில்தான் கிடந்தாளாம். பனிக்காலம் முடியும்வரை பெற்றோருக்கு ஒருவரும் எழுதவில்லை. ஜூன் மாதம் தாயும் தகப்பனும் பிள்ளையைக் கூட்டிப்போகப் படகில் வந்து இறங்கினார்கள். தாயின் கையில் மான்தோலில் மணி கோத்துத் தைத்த புதுச் சப்பாத்து. வளர்ந்திருப்பாள் என்று ஒரு அளவு பெரிதாகத் தைத்திருந்தாள். வாசலில் நின்ற நின்ஃபாவிடம் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"எனக்கு யார் என்று விளங்கவில்லை, றோசா. எண் சொன்னால் தெரிந்திருக்கும். அவள் பெயரைத்தான் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். செவிடிக்குச் சொல்வது மாதிரி மெதுவாகவும் சொன்னாள். நான் பதிவேட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மணித்தியாலம் அந்த மனுஷி வாசலில் நின்றாள். என் கையால் தைத்த பிள்ளை. என் கையால் பூட்டிய கதவு. யாரைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை."

"பிறகு?"

"சப்பாத்தைத் திரும்பக் கொண்டுபோனாள். அந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் நினைவு வருவதில்லை. என் காதில் விழுந்தது. நிற்கவில்லை."

றோசமலர் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். பயம் அவளுக்குப் புதிது அல்ல. குண்டுவீச்சுக்குப் பதுங்குகுழியில் கிடந்தவள், கள்ளப் படகில் கடல் தாண்டியவள். அதெல்லாம் வெளியில் இருந்து வந்த பயம், ஓடலாம், ஒளிக்கலாம். இது அவளுடைய கையாலேயே, அவளுடைய ஊசியாலேயே தைக்கப்பட்டு மேசையில் மடித்துக் கிடந்தது.

அன்று பின்னேரம் ஏர்னஸ்ற் வேலை செய்த கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் அவனுக்குத் தொலைபேசி எடுத்து முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவன் மீன் செதிள் சுரண்டிக்கொண்டே கேட்டான்.

"உமக்கென்ன விசரோ? அது அம்பது வருசத்துக்கு முந்தி. அதுவும் கனடாவில. இஞ்சை மடத்தில இருக்கிற சிஸ்டர் எவ்வளவு நல்ல மனுசி."

"கெட்டவ எண்டு நான் சொல்லேல்லை. இவவும் கெட்டவ இல்லைதானே. இவதானே பூட்டினது?"

"அற்புதமலரின்ரை ரெண்டு பொடியங்களும் அங்கைதான் படிச்சவங்கள். ஏதும் நடந்ததோ? கையெழுத்துப் போட்டாச்சு. நாளைக்கு வேலை போனா, பெர்மெஸ்ஸோவை இந்தக் கிழவியே தரப்போறா?"

வெள்ளிக்கிழமை முழுவதும் றோசமலர் மறுபடியும் நாற்பத்தொன்று தைத்தாள். தையல் கோணலாகப் போனது. சிஞ்ஞோரா எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிக்கவில்லை. அதுதான் றோசமலரை இன்னும் பயப்படுத்தியது.

கடைசியில் கிழவி கேட்டாள். "உங்கள் ஆட்கள் இறந்தவர்களுக்கு என்ன செய்வீர்கள்?"

றோசமலர் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, சகல ஆத்துமாக்களின் நாள். தமிழ்ப் பூசையில் இறந்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதிக் கொடுப்போம். ஒவ்வொரு பெயராக வாசிக்கும்போது அந்தக் குடும்பத்தார் மெழுகுதிரியோடு எழுந்து நிற்பார்கள்.

"என்னையும் கொண்டுபோ," என்றாள் சிஞ்ஞோரா. "இப்போது வுச்சீரியாச் சந்தைக்குப் போய் ஒரு சீனிப்பொம்மை வாங்கி வா. பெண் பொம்மை."

பலெர்மோவில் அந்த ஆத்துமாக்கள் நாளில் செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பலகாரமும் பொம்மையும் வைத்துவிட்டுப் போவார்கள் என்று சொல்வார்கள். கடை வாசலெல்லாம் சீனியில் வார்த்து நிறம் பூசிய பொம்மைகள் நிற்கும். சிஞ்ஞோரா ஒவ்வொரு வருஷமும் ஒன்று வாங்குவிப்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக்கும் என்றுதான் றோசமலர் நினைத்திருந்தாள். யாருக்கு என்று இப்போது தெரிந்தது. பொம்மையைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

சனிக்கிழமை சகல புனிதர்களின் பெருநாள். உடுப்புப் பையைக் கொடுத்துப் பிள்ளைக்குக் கட்டிலைக் காட்டிவிட்டு வரலாம் என்று மடத்தில் சொல்லியிருந்தார்கள். ஏர்னஸ்ற் பையைத் தூக்கினான். றம்யா துள்ளிக்கொண்டு முன்னால் போனாள். கதவு பெரியது, பழைய மரம். உள்ளே போனதும் ஒரு வயதான சிஸ்டர் அதைத் தள்ளிச் சாத்திவிட்டு, இடுப்பில் இருந்த சாவியைப் போட்டுத் திருப்பினாள். தெருப்பக்கக் கதவு, பிள்ளைகள் ஓடிவிடாமல் பூட்டத்தான் வேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பூட்டுவார்கள். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் றோசமலர் திரும்பிப் பார்த்தாள்.

சிஸ்டர் நல்லவள்தான். குனிந்து றம்யாவின் கன்னத்தைத் தட்டி, "உன் எண் என்ன தெரியுமா, தங்கமே?" என்று கேட்டாள்.

"குவாரந்தூனோ!" என்று றம்யா கத்தினாள். நாற்பத்தொன்று.

"சபாஷ். குவாரந்தூனோ, இதோ உன் கட்டில், இதோ உன் கொளுக்கி, இதோ உன் கோப்பை."

எல்லாவற்றிலும் எண் ஒட்டியிருந்தது. எல்லாம் சுத்தமாக இருந்தன. சிஸ்டர் பின்னலைத் தூக்கிப் பார்த்து, "அழகான மயிர். பேன் வராமல் இருக்கக் கொஞ்சம் கட்டையாக வெட்டினால் உங்களுக்கும் சுகம்," என்றாள். வெட்டுகிறேன் என்று சொல்லவில்லை. வெட்டினால் சுகம் என்றுதான் சொன்னாள். இதில் எதைப் பிழை என்று சொல்வது? சண்டை பிடிக்க ஒரு பொல்லாப்பும் அங்கே இல்லை. திரும்பி வந்து கதவடியில் நின்றபோது சிஸ்டர் சாவிக்கொத்தில் சாவியைத் தேடினாள். பத்து வினாடி இருக்கும். அந்தப் பத்து வினாடியில் றோசமலர் மகளின் கையை இறுக்கிப் பிடித்த பிடியில் பிள்ளை "ஆ, நோகுது!" என்று கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சிஞ்ஞோரா கறுப்பு உடுப்பு உடுத்திக்கொண்டு ஆயத்தமாக இருந்தாள். மடியில் சீனிப்பொம்மை. கையில் ஒரு துண்டுக் கடதாசி. அதில் பழைய பள்ளிக்கூடக் கையெழுத்தில் 62 என்று இருந்தது.

"பெயர் எழுத வேண்டும், சிஞ்ஞோரா. பதிவேட்டில் ஒரு பெயர் இருந்திருக்குமே."

"இருந்தது. அது நாங்கள் வைத்த பெயர். அவளுடைய தாய் சொன்ன பெயர் அது அல்ல. செத்த பிறகும் அவளுக்குப் பொய் சொல்லாதே."

கல் பதித்த ஒழுங்கைகளில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது சனம் நிறைந்திருந்தது. வாசலில் நின்று துண்டுகளை வாங்கிய ஜோக்கிம் அண்ணை கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"இதென்ன தங்கச்சி, கதிரை நம்பரோ?"

"ஒரு பிள்ளை, அண்ணை. பேர் தெரியாது."

ஜோக்கிம் அண்ணை அவளையும் பார்த்தார், நாற்காலியில் இருந்த வெள்ளைக்காரக் கிழவியையும் பார்த்தார். துண்டை மற்றத் துண்டுகளோடு வைத்தார். எழுதிக் கொடுத்ததைக் கூட்டாமல் குறைக்காமல் வாசிக்கிற மனுஷன் அவர். ஒரு முறை யாரோ துண்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்த சாமான் பட்டியலையும் சேர்த்து வாசித்து, செத்தவர்களோடு செத்தல் மிளகாய்க்கும் செபித்தவர்.

ஏர்னஸ்ற்றும் றம்யாவும் கடைசி வாங்கில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். றம்யா சிஞ்ஞோராவைக் கண்டதும் தகப்பனுக்குப் பின்னால் ஒளிந்தாள். சிஞ்ஞோரா றம்யாவைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பயம். நடுவில் றோசமலருக்கு இரண்டு பேருக்காகவும் பயம்.

பெயர்கள் தொடங்கின. மரியநாயகம் சூசைப்பிள்ளை. ஒரு குடும்பம் எழுந்து நின்றது. அந்தோனியாப்பிள்ளை பர்னாந்து. இரண்டு பேர் எழுந்தார்கள். கடலில் செத்தவர்கள், குண்டில் செத்தவர்கள், வயது போய்ச் செத்தவர்கள். அந்த வருஷம் வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்தது, பெயர்கள் முடிகிற பாடாக இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் யாரோ ஒருவர் இருந்தார்கள்.

பிறகு ஜோக்கிம் அண்ணை ஒரு துண்டை எடுத்தார். கண்ணாடியைச் சரி செய்தார். மற்றப் பெயர்களை வாசித்த அதே குரலில் வாசித்தார்.

"அறுபத்திரண்டு."

கோயில் அடங்கிப்போனது. தலைகள் திரும்பின. எங்கோ ஒரு பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். ஒருவரும் எழும்பவில்லை. ஜோக்கிம் அண்ணை காத்திருந்தார். ஆட்களுக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னொரு தரம் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்.

"அ-று-பத்-தி-ரண்-டு."

சிஞ்ஞோராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த அமைதி அவளுக்கு விளங்கியது. நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழும்பப் பார்த்தாள். இடுப்பு விடவில்லை. மடியில் இருந்த பொம்மை சரிந்தது. றோசமலர் அதைப் பிடித்துத் திரும்ப மடியில் வைத்தாள். இத்தனை சனத்துக்கு முன்னால், யார் என்று கேட்டால் என்ன சொல்வது? யாருமில்லை என்றால் அந்தப் பிள்ளை இன்னொரு முறை வாசலில் நிற்கும். றோசமலர் மெழுகுதிரியோடு எழுந்து நின்றாள். உருகிய மெழுகு கையில் விழுந்தது, சுட்டது, அவள் துடைக்கவில்லை.

அம்மா நிற்கிறாள் என்று றம்யாவும் எழுந்து நின்றாள். சேலையைப் பிடித்து இழுத்தாள். அடங்கின கோயிலில் அவள் குரல் நாலு வாங்குக்குக் கேட்டது.

"மம்மா, நான் செத்தா 'குவாரந்தூனோ' எண்டே வாசிப்பினம்?"

அழுதுகொண்டு கேட்கவில்லை, பயந்துகொண்டும் கேட்கவில்லை. நாளைக்கு என்ன சாப்பாடு என்று கேட்பது போலக் கேட்டாள். தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, கேட்டாள்.

பக்கத்தில் ஏர்னஸ்ற் எழும்பினான். றோசமலரின் கையில் இருந்த மெழுகுதிரியை வாங்கித் தான் பிடித்துக்கொண்டான். ஜோக்கிம் அண்ணை அடுத்த பெயரை வாசிக்கும்வரை மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும் ஏர்னஸ்ற் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "விடிய நான் மடத்துக்குப் போய்ப் பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாறன்."

"வேலை?"

"தெரியேல்லை. வேலை போனா என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியேல்லை, றோசமலர். பிள்ளை கேட்டதுக்கு என்ன சொல்லுறது எண்டும் தெரியேல்லை."

றோசமலர் சக்கர நாற்காலிக்கு முன்னால் குந்தினாள். மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அவள் சிஞ்ஞோராவிடம் சட்டம் பேசியதில்லை. இப்போது வாய் உலர உலரப் பேசினாள். "நாளையில் இருந்து என் மகள் உங்கள் வீட்டில்தான் இருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து குசினியில் இருந்து படிப்பாள், இரவு என்னோடு படுப்பாள். முடியாது என்றால் நான் இப்போதே போகிறேன். வேறு ஆள் தேடுங்கள்."

சிஞ்ஞோரா தலையை ஆட்டினாள். முடியாது என்ற ஆட்டல். "அவள் வந்து கதவைத் தட்டினால்? நான் திறக்காமல் விட்டால்? எனக்குப் பயமாக இருக்கிறது, றோசா."

"எனக்கும்தான். பயந்து பயந்தே இருப்போம். கதவை நான் திறப்பேன்."

கிழவி ஏர்னஸ்ற்றின் பின்னால் தெரிந்த பின்னலைப் பார்த்தாள். "உன் பெயர் என்ன?" என்று கேட்டாள்.

றம்யா தாயைப் பார்த்தாள். சொல்லு என்று றோசமலர் கண்ணைக் காட்டினாள்.

"றம்யா."

"ராமியா."

"இல்லை. றம்யா."

அந்த வழி முழுவதும் அதுதான் நடந்தது. ஒழுங்கை திரும்பும் இடத்தில் கிழவி பெயரைக் கேட்டாள். பழக்கடைக்கு முன்னால் கேட்டாள். றோட்டைக் கடந்ததும் கேட்டாள். ஒவ்வொரு தரமும் பிள்ளை சொன்னாள். ஒவ்வொரு தரமும் கிழவி உருப்போட்டாள். மடியில் இருந்த பொம்மை யாருக்கு என்று றம்யா கேட்டாள். வேறொரு பிள்ளையின்ரை என்று றோசமலர் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவில்லை.

"ஏன் மம்மா இவ என்ரை பேரை மறந்து மறந்து போறா?"

"மறக்கேல்லை, பிள்ளை. மறந்துபோவன் எண்டு பயப்பிடுறா."

லிஃப்ற்றில் மூன்றாம் மாடிக்கு வந்து கதவைத் திறக்கும்போதே உள்ளே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்தில் மிலானோவில் இருந்துதான் எடுப்பார்கள். ஏர்னஸ்ற் நாற்காலியைக் கூடத்துக்குள் தள்ளினான். றம்யா படியில் நின்றுவிட்டாள்; ஜூலை மாதம் நின்ற அதே இடம். உள்ளே வர மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

றோசமலர் திரும்பிப் போய் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். கதவைச் சாத்தவில்லை. அந்தக் கையை விடாமலே மற்றக் கையால் தொலைபேசியை எடுத்தாள். குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டாள்.

"ப்ரோந்தோ," என்றாள். "ஓம், உங்கள் அத்தை சுகம். என் மகளும் இங்கேதான் இருக்கிறாள். அவள் பெயர் றம்யா."